போர் நடந்த வானில் பயணிகள் விமானம் பறந்தது ஏன்? எம்எச்17: 11 ஆண்டுகளுக்குப் பின் வந்த முடிவுகள் சொல்வது என்ன?

லகாட், ஜூலை 17 – மலேசிய ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் எம்எச்17 விமானம் கிழக்கு உக்ரேன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டு இன்றுடன் 11 ஆண்டுகள் நிறைவடைகின்றன. விமானத்தில் இருந்த 298 பேரும் உயிரிழந்தனர். அவர்களில் 43 பேர் மலேசியர்கள்.

இந்த ஆண்டு நினைவு நாளுக்குச் சற்று முன்னதாக இரண்டு முக்கிய முடிவுகள் வந்துள்ளன. கடந்த மே 12ஆம் தேதி அனைத்துலகப் பொது வான்போக்குவரத்து அமைப்பின் மன்றமும், இம்மாதம் 9ஆம் தேதி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் இச்சம்பவத்துக்கு ரஷ்யாவே பொறுப்பு என்று கூறிவிட்டன. ரஷ்யா வழக்கம்போல் மறுத்துள்ளது.

இருந்தாலும் இந்தச் செய்தியைப் படிக்கும் சாதாரண மக்களிடம் எழும் கேள்வி வேறு. கீழே சண்டை நடக்கிறது என்று உலகத்துக்கே தெரியும். அப்படியிருக்க, அதற்கு மேலே பயணிகள் விமானத்தை ஏன் ஓட்டிச் சென்றார்கள்?

இது லகாட், பூசிங், பத்து காஜா பக்கம் வசிக்கும் குடும்பங்களுக்கும் தேவையான கேள்விதான். தாத்தா பாட்டி காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ரஜூலா கப்பலில் வந்தார்கள். இன்று தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் மேற்படிப்புக்கு லண்டனுக்கும், வேலைக்கு வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். ஈப்போவில் பேருந்து ஏறி கேஎல்ஐஏ போய்ச் சேரும் அந்தப் பிள்ளைகள் ஏறும் விமானம் எந்த நாட்டு வானத்தைக் கடந்து போகிறது என்பது பெற்றோருக்குத் தெரிவதில்லை.

அன்று நடந்தது என்ன?

2014ஆம் ஆண்டு ஜூலை 17, வியாழக்கிழமை. ஆம்ஸ்டர்டாம் நகரின் ஷிபோல் விமான நிலையத்திலிருந்து உள்ளூர் நேரப்படி நண்பகல் 12.31க்கு எம்எச்17 புறப்பட்டது. போயிங் 777 வகை விமானம். 283 பயணிகள், 15 பணியாளர்கள். பணியாளர்கள் அனைவரும் மலேசியர்கள். நோன்புப் பெருநாளுக்கு இன்னும் 11 நாள்களே இருந்தன.

பயணிகளில் பெரும்பாலோர் நெதர்லாந்து நாட்டவர். ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிரிட்டன், ஜெர்மனி, பெல்ஜியம், பிலிப்பைன்ஸ் நாட்டவரும் இருந்தனர். மெல்பர்னில் நடக்கவிருந்த எய்ட்ஸ் மாநாட்டுக்குச் சென்ற ஆய்வாளர்களும் அவர்களில் அடங்குவர். 298 பேரில் 80 பேர் 18 வயதுக்குக் குறைந்தவர்கள்.

மலேசிய நேரப்படி இரவு 9.20 மணிக்கு, 33,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது விமானத்தின் பதிவுக் கருவிகள் நின்றுபோயின. விமானி ஆபத்து என்று அறிவிக்கக்கூட நேரமில்லை. விமானம் வானிலேயே உடைந்தது. அதன் பாகங்கள் ஹ்ராபோவ் உள்ளிட்ட கிராமங்களின் வயல்வெளிகளில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரப்பில் சிதறி விழுந்தன.

அதே ஆண்டு மார்ச் 8ஆம் தேதிதான் 239 பேருடன் எம்எச்370 காணாமல் போயிருந்தது. நான்கு மாத இடைவெளியில் நாடு இரண்டாவது முறையாகப் பெரும் துயரத்தைச் சந்தித்தது. ஆகஸ்ட் 22ஆம் தேதி முதல் 20 மலேசியர்களின் நல்லுடல்கள் தாயகம் வந்து சேர்ந்தன. அன்றைய தினம் தேசிய துக்க நாளாக அறிவிக்கப்பட்டு, நாடு முழுவதும் ஒரு நிமிட மௌனம் அனுசரிக்கப்பட்டது.

வானம் ஏன் மூடப்படவில்லை?

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள வான்வெளி சொந்தம். அதைத் திறந்து வைப்பதா மூடுவதா என்று முடிவு செய்வதும் அந்த நாடுதான். மூடினால் ‘நோட்டாம்’ எனப்படும் அறிவிப்பை வெளியிடும். உலகில் உள்ள எல்லா விமான நிறுவனங்களும் பயணப் பாதை வகுக்கும்போது இந்த அறிவிப்புகளைத்தான் பார்க்கும்.

2014 ஜூன் 6ஆம் தேதி கிழக்குப் பகுதியில் 26,000 அடி வரையிலான வான்வெளியை உக்ரேன் மூடியது. ஜூலை 14ஆம் தேதி அந்த வரம்பை 32,000 அடிக்கு உயர்த்தியது. அதற்கு மேல் பறக்கத் தடையில்லை. மூன்று நாள் கழித்து எம்எச்17 பறந்தது 33,000 அடியில். தடை செய்யப்பட்ட வானத்துக்கும் அனுமதிக்கப்பட்ட வானத்துக்கும் இடையே ஆயிரம் அடிதான் வித்தியாசம். விதிப்படி பார்த்தால் விமானம் சரியான பாதையில்தான் சென்றது.

அந்த வரம்பு போதும் என்று நினைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. தோளில் வைத்துச் சுடும் சிறு ஏவுகணைகள் ஏறக்குறைய 15,000 அடிக்கு மேல் எட்டாது. கிளர்ச்சியாளர்களிடம் அத்தகைய ஆயுதங்கள் மட்டுமே இருப்பதாகக் கருதினால், 33,000 அடியில் போகும் விமானத்துக்கு ஆபத்தில்லை.

ஆனால் ஜூலை 14ஆம் தேதியே அந்தக் கணக்கு தவறிவிட்டது. அன்று உக்ரேன் ராணுவத்தின் ஆன்டனோவ் 26 சரக்கு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அது பறந்த உயரம் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைக்கு எட்டாதது என்று உக்ரேன் அதிகாரிகளே சொன்னார்கள். பெரிய ஏவுகணை ஒன்று களத்தில் இருக்கிறது என்பதற்கு அது தெளிவான அறிகுறி. அப்போதும் வானம் முழுமையாக மூடப்படவில்லை.

நெதர்லாந்து பாதுகாப்பு வாரியம் 2015 அக்டோபர் 13ஆம் தேதி வெளியிட்ட இறுதி அறிக்கை இதைத்தான் குறையாகச் சுட்டிக்காட்டியது. வான்வெளியை முற்றாக மூடுவதற்கு உக்ரேனிடம் போதிய காரணம் இருந்தது என்று அது கூறியது. விமான நிறுவனங்களையும் வாரியம் விட்டுவைக்கவில்லை. பாதை திறந்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்தார்களே தவிர, கீழே நடக்கும் சண்டையால் என்ன ஆபத்து வரலாம் என்று சுயமாக ஆராயவில்லை என்றது.

மலேசிய ஏர்லைன்ஸ் மட்டும்தான் அந்த வழியில் போனது என்ற எண்ணம் இன்னும் பலருக்கு இருக்கிறது. அது உண்மையல்ல. ஒரு சில நிறுவனங்கள் முன்னரே அப்பகுதியைத் தவிர்த்தன. ஆயினும், சம்பவம் நடந்த அன்று மட்டும் வான்வெளி மூடப்படும் வரை 160 பயணிகள் விமானங்கள் கிழக்கு உக்ரேனைக் கடந்து சென்றன. எம்எச்17 வீழ்ந்த நேரத்தில் டில்லி நோக்கிச் சென்ற ஏர் இந்தியா விமானமும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானமும் அதே வான் பகுதியில்தான் பறந்துகொண்டிருந்தன.

போரிடும் நாடுகள் தங்கள் வானத்தைத் தாங்களே மூடுவது அரிது. நாட்டின் ஒரு பகுதி தங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று உலகுக்கு ஒப்புக்கொள்வதுபோல் ஆகிவிடும். கடந்து செல்லும் ஒவ்வொரு விமானத்திடமும் வசூலிக்கும் கட்டணமும் நின்றுபோகும். விமான நிறுவனத்துக்கோ சுற்றுப் பாதையில் போனால் கூடுதல் எரிபொருள், கூடுதல் நேரம். இரு தரப்பின் இந்தக் கணக்குகளுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது பயணிதான்.

சுட்டது எது, எப்படித் தெரிந்தது?

எம்எச்17ஐ வீழ்த்தியது ‘பூக்’ என்ற ஏவுகணை. வாகனத்தில் பொருத்தி இடம் மாற்றக்கூடியது. 70,000 அடிக்கு மேல் எட்டும் திறன் கொண்டது. அது விமானத்தில் நேராக மோதுவதில்லை. விமானத்துக்கு அருகில் சென்று வெடித்து, ஆயிரக்கணக்கான இரும்புத் துண்டுகளைப் பாய்ச்சும். எம்எச்17இல் அது விமானி அறைக்கு இடப்புறம், சற்று மேலே வெடித்தது. விமானி அறையின் சிதைவுகளிலும் அங்கிருந்தோரின் உடல்களிலும் கிடைத்த துண்டுகளில் சில, நடுவில் இடுங்கிய வில் வடிவத்தில் இருந்தன. எந்த வகை வெடிமுனை என்று கண்டுபிடிக்க அந்த வடிவமே உதவியது.

நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, பெல்ஜியம், மலேசியா, உக்ரேன் ஆகிய ஐந்து நாடுகளின் கூட்டு விசாரணைக் குழு, தொலைபேசி உரையாடல் பதிவுகள், பொதுமக்கள் எடுத்த படங்கள், காணொளிகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தது. ஏவுகணை ரஷ்யாவிலிருந்து எல்லை தாண்டிக் கொண்டுவரப்பட்டு, கிளர்ச்சியாளர் வசமிருந்த பெர்வொமைஸ்கி கிராமத்தின் அருகிலுள்ள வயலிலிருந்து ஏவப்பட்டு, பின்னர் ரஷ்யாவுக்கே திருப்பி எடுத்துச் செல்லப்பட்டதாக 2016இல் அக்குழு அறிவித்தது. அது கூர்ஸ்க் நகரில் முகாமிட்டிருந்த ரஷ்ய ராணுவத்தின் 53ஆவது வான் தற்காப்புப் படைப்பிரிவுக்குச் சொந்தமானது என்று 2018இல் கூறியது. ஏவுகணை உக்ரேன் படைகளின் பகுதியிலிருந்து வந்தது என்பது ரஷ்யாவின் வாதம்.

மலேசியாவின் நிலை

இவ்விவகாரத்தில் மலேசியா நடந்துவந்த பாதை நேர்க்கோடு அல்ல. கறுப்புப் பெட்டிகள் கிளர்ச்சியாளர்களிடம் சிக்கியிருந்தபோது, அப்போதைய பிரதமர் டத்தோஸ்ரீ நஜிப் அவர்களின் தலைவருடன் நேரடியாகப் பேசி அவற்றைப் பெற்றார். 2015 ஜூலை 29ஆம் தேதி, தனி அனைத்துலக நீதிமன்றம் அமைக்கக் கோரும் தீர்மானத்தை மலேசியா ஐநா பாதுகாப்பு மன்றத்தில் கொண்டுவந்தது. 11 நாடுகள் ஆதரித்தன, மூன்று விலகி நின்றன. ரஷ்யா தன் தடுப்பு அதிகாரத்தால் அதைத் தோற்கடித்தது.

2019இல் பிரதமராக இருந்த துன் மகாதீர், கூட்டு விசாரணைக் குழுவின் முடிவுகள் அரசியல் நோக்கம் கொண்டவை என்று வெளிப்படையாகவே சந்தேகம் எழுப்பினார். ஆயினும் மலேசியா குழுவிலிருந்து விலகவில்லை. கடந்த மே மாதம் மாஸ்கோ சென்ற பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம், அதிபர் புதினிடம் எம்எச்17 பற்றிப் பேசினார். முழுமையான விசாரணை என்றால் ஒத்துழைக்கத் தயார் என்பதே புதின் தரப்பின் பதிலாக இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

1983 செப்டம்பர் 1ஆம் தேதி, வழி தவறித் தன் வானத்துக்குள் வந்த தென் கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் போர் விமானம் சுட்டது. 269 பேர் இறந்தனர். அதன் விளைவாக, 1984இல் சிக்காகோ உடன்படிக்கையில் ‘3 பிஸ்’ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. பறந்துகொண்டிருக்கும் பொதுமக்கள் விமானத்தின் மீது எந்த நாடும் ஆயுதம் பயன்படுத்தக்கூடாது என்பதே அதன் சாரம்.

அந்தப் பிரிவு நடப்புக்கு வர 14 ஆண்டுகள் ஆயின. இடையில் 1988 ஜூலை 3ஆம் தேதி, துபாய் சென்ற ஈரான் ஏர் விமானத்தை அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் போர் விமானம் என்று எண்ணிச் சுட்டது. 290 பேர் மாண்டனர். 1996இல் அமெரிக்கா 6 கோடியே 18 லட்சம் டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. ஆனால் சட்டப்படி தன் குற்றம் என்று ஏற்கவில்லை.

தமிழர்கள் மறக்க முடியாத சம்பவம் ஒன்றும் இந்த வரிசையில் உண்டு. 1998 செப்டம்பர் 29ஆம் தேதி யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட லயன் ஏர் விமானம் மன்னார் கடல் பகுதியில் மறைந்தது. 48 பயணிகளும் 7 பணியாளர்களும் இருந்தனர். பயணிகளில் பெரும்பாலோர் தமிழர்கள். போரினால் தரைவழி மூடப்பட்டிருந்த காலத்தில், கொழும்பு போக வேறு வழியில்லாமல் விமானம் ஏறிய பொதுமக்கள். விடுதலைப் புலிகள் சுட்டு வீழ்த்தியதாக இலங்கை அரசு கூறுகிறது. விமானத்தின் பாகங்கள் இரணைதீவு அருகே கடலடியில் 2012இல்தான் கண்டுபிடிக்கப்பட்டன. மீட்கப்பட்ட ஆடைகளும் உடைமைகளும் 2014இல் யாழ்ப்பாணத்தில் உறவினர்களிடம் அடையாளம் காணக் காட்டப்பட்டன. 15 ஆண்டுக்கும் மேலாக அக்குடும்பங்கள் உறுதியான தகவல் இன்றிக் காத்திருந்தன.

அந்த விமானம் வீழ்ந்து இரண்டே நாளில், 1998 அக்டோபர் 1ஆம் தேதி, ‘3 பிஸ்’ நடப்புக்கு வந்தது. முன்னரே வந்திருந்தாலும் அக்குடும்பங்களுக்கு அது பெரிதாக உதவியிருக்காது. ஏனெனில் அந்தப் பிரிவு நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும். ஆயுதக் குழுக்களை அந்த உடன்படிக்கையின் கீழ் நிறுத்திக் கேட்க வழியில்லை. எம்எச்17 வழக்கில் ‘சுட்டது கிளர்ச்சியாளரா, அவர்களுக்குப் பின்னால் நின்ற நாடா’ என்ற கேள்வி இத்தனை ஆண்டு இழுத்ததற்கும் இதுதான் காரணம்.

மூன்று தீர்ப்புகள்

முதல் தீர்ப்பு 2022 நவம்பர் 17ஆம் தேதி ஹேக் மாவட்ட நீதிமன்றத்தில் வந்தது. இகோர் கிர்கின், செர்கேய் துபின்ஸ்கி, லியோனிட் கார்சென்கோ ஆகிய மூவருக்கும் ஆயுள் தண்டனை. நான்காமவரான ஒலெக் புலாத்தோவ் விடுவிக்கப்பட்டார். உக்ரேன் ராணுவ விமானம் என்று நினைத்துச் சுட்டிருக்கலாம் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் அது கொலைதான் என்றது. அவர்கள் முறையான ராணுவத்தினர் அல்லர் என்பதால், எந்த விமானத்தையும் சுட அவர்களுக்கு உரிமையே இல்லை என்பது நீதிமன்றத்தின் விளக்கம். உறவினர்களுக்கு 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. குற்றவாளிகள் யாரும் நீதிமன்றத்துக்கு வரவில்லை. தண்டனை இதுவரை நிறைவேறவும் இல்லை.

இரண்டாவது, கடந்த மே மாத முடிவு. நெதர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் 2022இல் தொடுத்த வழக்கில், ரஷ்யா ‘3 பிஸ்’ பிரிவை மீறியதாக வான்போக்குவரத்து அமைப்பின் மன்றம் கூறியது. இத்தகைய தகராறு ஒன்றில் அம்மன்றம் வழக்கின் உள்ளே சென்று முடிவு சொன்னது அதன் வரலாற்றில் இதுவே முதல் முறை. மூன்றாவது, இம்மாதம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. உயிர் வாழும் உரிமையை ரஷ்யா மீறியது, முறையாக விசாரிக்கவும் தவறியது, அதனால் உறவினர்களின் துன்பம் பெருகியது என்று அது கூறியது.

குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மலேசியா ஏற்றுள்ள 1999ஆம் ஆண்டு மொன்ட்ரியல் உடன்படிக்கையின்படி, அனைத்துலகப் பயணத்தில் விமான விபத்தில் பயணி இறந்தால், தவறு யாருடையது என்று பாராமல் விமான நிறுவனம் குறிப்பிட்ட தொகை வரை இழப்பீட்டை மறுக்க முடியாது. எம்எச்17 நேரத்தில் அந்த வரம்பு 113,100 எஸ்டிஆர். கடந்த டிசம்பர் முதல் அது 151,880 எஸ்டிஆர் ஆக உயர்ந்துள்ளது. எஸ்டிஆர் என்பது அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு. அன்றைய நாணய மதிப்பில் வெள்ளியாக மாற்றிக் கணக்கிடப்படும். வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டுதான் காலக்கெடு. துக்கத்தில் அது ஓடிவிடும் என்பதால் குடும்பத்தில் ஒருவராவது இதைக் கவனிக்க வேண்டும்.

தனியாக வாங்கும் பயணக் காப்புறுதி வேறு. பல காப்புறுதிகளில் ‘போர் மற்றும் போர் போன்ற நடவடிக்கை’ விலக்குப் பட்டியலில் இருக்கும். வாங்கும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்ப்பது, அல்லது முகவரிடம் எழுத்து மூலம் கேட்பது நல்லது.

எம்எச்17க்குப் பின் நிலைமை ஓரளவு மாறியுள்ளது. போர்ப் பகுதிகள் பற்றிய தகவலை நாடுகளும் நிறுவனங்களும் முன்பைவிட அதிகம் பகிர்கின்றன. இவ்வாண்டு மே மாதம் இந்தியா–பாகிஸ்தான் மோதலின்போது வட, மேற்கு இந்தியாவில் 32 விமான நிலையங்கள் மூடப்பட்டன. ஜூன் 23ஆம் தேதி கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியது. விமானம் ரத்தானால் பயணிகளுக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் அன்று கிழக்கு உக்ரேனில் நடக்காமல் போனது இந்த மூடல்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2020 ஜனவரி 8ஆம் தேதி தெஹ்ரானில் புறப்பட்ட உக்ரேன் விமானத்தை ஈரான் படை தவறுதலாகச் சுட்டு 176 பேர் இறந்தனர். அன்றிரவு ஈரான் தன் வானத்தை மூடவில்லை. 2024 டிசம்பர் 25ஆம் தேதி ரஷ்யாவின் குரோஸ்னி நகருக்குச் சென்ற அஜர்பைஜான் விமானம் சேதமடைந்து, கஜகஸ்தானில் விழுந்து 38 பேர் மாண்டனர். ரஷ்ய வான் தற்காப்புப் படை சுட்டதாக அஜர்பைஜான் கூறுகிறது.

வளைகுடா வழியாகவோ ஐரோப்பாவுக்கோ பிள்ளைகளை அனுப்புவோர் விமான எண், மாறும் விமான நிலையம், கடப்பிதழ்ப் பிரதி ஆகியவற்றை வீட்டில் ஒருவரிடம் வைத்திருக்கச் செய்யலாம். வெளிநாட்டில் தங்குவோர் வெளியுறவு அமைச்சின் இணையப் பதிவில் பெயர் கொடுத்து வைப்பது, அவசர நேரத்தில் தூதரகம் தொடர்புகொள்ள உதவும்.

அடுத்து என்ன?

ரஷ்யா எத்தகைய பரிகாரம் செய்ய வேண்டும் என்பதை வான்போக்குவரத்து அமைப்பின் மன்றம் இனி முடிவு செய்யவுள்ளது. ரஷ்யாவை இழப்பீடு குறித்த பேச்சுக்கு அழைக்க வேண்டும் என்பது நெதர்லாந்து, ஆஸ்திரேலியாவின் கோரிக்கை. அந்த வழக்கில் மலேசியா மனுதாரர் அல்ல. 15 பணியாளர்கள் உட்பட 43 பேரை இழந்த நாடு, விமானத்தின் சொந்த நாடு, அந்தப் பேச்சு மேசையில் இடம் கேட்குமா என்பதை இனி புத்ராஜெயாதான் சொல்ல வேண்டும்.